எஸ்ரா வின்ஸ்லேட் துரையின் பேரன்

உங்கள் அக்கா பேரனுக்குக் காது குத்து என்றீர்களே, பேரன் என்றால் என்ன பொருள் என்று யோசித்திருக்கிறீர்களா அக்கா? மகனுக்கு மகன் என்பீர்கள், மகளுக்கு மகன் என்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். திண்டுக்கல்லில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சொல்லிக்கொண்டு, அந்த ஒரே ஒரு சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஊரையே கீழே பார்த்துக்கொண்டிருந்தது. கீழே நின்றவர்களில் நானும் ஒருத்தி. நான்தான் அந்தச் சொல்லை அடியிலிருந்து உருவினேன்.

ஜன்னலைக் கொஞ்சம் இழுத்துவிடுகிறேன், காற்றில் உங்களுக்குக் கேட்காது. நீங்கள் இறங்க இன்னும் நேரம் இருக்கிறதே. என் பெயர் நிறைமதி. மதுரையில் வரலாற்றில் ஆராய்ச்சி செய்கிறேன். திருச்சியில் ஒரு கருத்தரங்கு. ‘குலப்பெருமை என்னும் கட்டுக்கதை’ என்று கட்டுரை வாசிக்கப் போகிறேன். கட்டுரைக்கு அடிக்குறிப்பு வேண்டும், ஆதாரம் வேண்டும், அடக்கமாகப் பேச வேண்டும். உங்களிடம் அதெல்லாம் வேண்டாம் பாருங்கள்.

கிதியோன் என்று ஒருவன். கிதியோன் வின்ஸ்லேட். பெயரை மட்டும் கேட்டால் கோட்டும் தொப்பியுமாக ஒரு ஆளை நினைத்துக்கொள்வீர்கள். ஆளைப் பார்த்தால் நம்மூர்க் கருவேலங்கட்டை மாதிரி இருப்பான். எனக்கு இரண்டு வருடம் மூத்தவன், அதே துறை. காதல் என்று சொன்னால் உடனே ஒரு மாதிரிப் பார்ப்பீர்கள். எங்களுக்குள் இருந்தது விவாதம். நூலக வாசலில் ஆரம்பித்தால் கேன்டீன் மூடும்வரை போகும். எப்போதும் நான்தான் ஜெயிப்பேன். தோற்றுக்கொண்டே சிரிப்பான். தோற்கிறவன் சிரித்தால் ஜெயித்தவளுக்கு என்ன மரியாதை, சொல்லுங்கள். அதனாலேயே மறுநாளும் போய்ப் பேச வேண்டியிருக்கும். அப்படியே கல்யாணப் பேச்சுவரை வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு தடையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பகுத்தறிவாளர். சாதி என்ற சொல்லே எங்கள் வீட்டில் புழங்காது. கிதியோன் வந்தான், எங்களோடு உட்கார்ந்து, எங்கள் தட்டில் சாப்பிட்டான், அம்மா மறுசோறு வைத்தாள். மதம் வேறாயிற்றே என்று பெரியப்பா முனகியபோது, அப்பாதான் அவரை அடக்கினார். பையன் சாதாரணக் குடும்பம் இல்லை, அமெரிக்கத் துரை வம்சம் என்று எதிர்வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிவைத்தார். பெரியப்பாவின் வாயை அடைக்கச் சொன்னதுதான், வேறொன்றுமில்லை.

தடை அந்தப் பக்கம். கிதியோனின் அம்மா எப்சிபாய். பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சராக இருந்தவர். அவர் வீட்டு ஹாலுக்குள் நுழைந்தால் எதிர்ச்சுவரில் ஒரு சட்டம். அதற்குள் ஒரு கேடயம், இரண்டு சிங்கம், கீழே வின்ஸ்லேட் என்று கொட்டை எழுத்து. யாரோ மருமகன் இன்டர்நெட்டில் எடுத்துப் பிரிண்ட் போட்டது. சிங்கத்துக்குக் கீழே மேஜையில் பிளாஸ்டிக் ரோஜா. அந்த வீட்டில் ஒவ்வொருவரும் பிறந்ததும் முதலில் பார்ப்பது காதோரமாம். காதோரம் வெளுப்பாக இருந்தால் துரைத் தாத்தா ரத்தம். கறுப்பாக இருந்தால் வெயில்.

என்னைச் சோபாவில் உட்காரவைத்து, கேக் கொடுத்து, பொறுமையாக எல்லாம் விசாரித்தார். எங்கள் தாத்தா பெயர் கேட்டார், சொன்னேன். அதற்கு முந்தின தாத்தா பெயர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியுமா?

“பிள்ளை கெட்டிக்காரிதான்” என்றார். “ஆனா எங்க வீட்டுக்குன்னு ஒரு வேர் இருக்கும்மா. ஒங்களுக்கு என்ன இருக்கு?”

“காலு இருக்கு ஆன்ட்டி” என்றேன். “வேரு மரத்துக்குத்தான் வேணும்.”

கிதியோன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. அதோடு ஒரு வருடம் அந்தப் பேச்சு அப்படியே நின்றது. அம்மாவை எதிர்க்கவும் மாட்டான், என்னை விடவும் மாட்டான், மனசு மாறும் மதி, மாறும் மதி என்றே சொல்லிக்கொண்டிருந்தான். முதுகெலும்பு இல்லாத நம்பிக்கை.

அந்தச் சமயத்தில்தான் மார்சியா வந்து இறங்கினாள். அமெரிக்காவில் கனெக்டிகட் என்று ஒரு மாகாணம், அங்கிருந்து. எழுபது வயது இருக்கும், விதவை, பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். தன் குடும்ப வரலாற்றைப் புத்தகமாக எழுதுகிறாளாம், திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லறையைப் பார்க்க வேண்டுமாம், தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு ஆள் வேண்டுமாம். என் பேராசிரியருக்குத்தான் கடிதம் வந்தது. அவர் உடனே அதை என் தலையில் தள்ளிவிட்டார். உனக்கும் ஆங்கிலம் பழகும் என்றார். அவருடைய ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்துவதே நான்தான். சரி, அது வேறு கதை.

அந்தக் கடிதத்தில் வின்ஸ்லேட் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிதியோனிடம் சொன்னேன். அவன் அம்மாவிடம் சொன்னான். எப்சிபாய் ஆன்ட்டி அன்றைக்கே ஜன்னல் திரைகளைத் துவைக்கப் போட்டுவிட்டார். ரத்த சொந்தம் தேடி வருகிறது. இத்தனை காலம் கழித்து அமெரிக்கா நம்மை அங்கீகரிக்க வருகிறது. ஒரு வருடமாக என் பெயரையே உச்சரிக்காதவர், மொழிபெயர்ப்புக்கு நிறைமதியே வரட்டும் என்று சொல்லியனுப்பினார்.

மார்சியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாட்ஜ் அறையில் போய் இறங்கியதும் அவள் செய்த முதல் வேலை, பெட்டியிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் கட்டிலில் விரித்ததுதான். ஜவுளிக்கடையில் பட்டுப்புடவையை உதறிப் போடுவார்களே, அப்படி. கட்டில் போதாமல் நாற்காலிவரை போனது. மேலே உச்சியில் ஒரே ஒரு பெயர், ஒரு கப்பலின் பெயர். அமெரிக்காவுக்கு வெள்ளைக்காரர்கள் குடியேற ஆரம்பித்த காலத்தில் போன கப்பல்களில் ஒன்றாம். அதிலிருந்து கிளை, கிளைக்குக் கிளை, கீழே மார்சியா. அந்தக் கப்பலில் வந்தவர்களின் வாரிசுகளுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறதாம். ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, இறப்பு, திருமணச் சான்று கொடுத்தால்தான் சேர்ப்பார்களாம். எந்தக் கப்பலில் வந்தான் என்பதற்கு ஒரு சங்கம். நம்மூரில் பஸ்ஸில் இடம் பிடித்தவர்கள் சங்கம் வைத்தால் எப்படியிருக்கும்?

பெயர்களைக் கேட்டால் சிரித்துவிடுவீர்கள். ஒருத்தி பெயர் ‘நன்றியுள்ளவள்’. ஒருவன் பெயர் ‘பெருகுக’. அந்தக் காலத்து மதப்பற்று. அதைவிட வேடிக்கை, எஸ்ரா என்று ஒரு குழந்தை பிறந்து செத்துப்போனால், அடுத்துப் பிறக்கிற குழந்தைக்கும் எஸ்ரா என்றே பேர் வைப்பார்களாம். அதுவும் செத்தால் அதற்கடுத்ததும் எஸ்ரா. அந்தச் சுருளில் ஒரே வீட்டில் மூன்று எஸ்ரா. எந்த எஸ்ரா பிழைத்தான், யாருக்குக் கல்யாணம் ஆயிற்று என்று கண்டுபிடிக்க அவள் மூன்று வருடம் தேவாலயம் தேவாலயமாக அலைந்திருக்கிறாள். செத்த குழந்தைகளை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். வேலையற்றவர்களின் துக்கம்.

நான் சும்மா இருப்பேனா? கப்பலில் வந்து இறங்கிய உங்கள் தாத்தாவுக்கு நிலம் யார் கொடுத்தது, அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டுதான் கேட்டேன். அவள் தலையாட்டினாள். எரித்தார்கள், துரத்தினார்கள், மூன்றாவது அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன், அனுப்பட்டுமா என்றாள். எதிராளி எழுந்து நிற்கவே மாட்டேன் என்றால் எப்படி அடிப்பது? எனக்கு எரிச்சலாக வந்தது.

இன்னொன்று. கப்பலில் வந்த அந்த முதல் ஆள் பிரபு வம்சம் என்றுதான் அவர்கள் குடும்பத்தில் சொல்லிவந்தார்களாம். இவள் தோண்டிப் பார்த்ததில், அவன் கப்பல் கூலி கொடுக்க வழியில்லாமல் தன்னையே ஏழு வருடத்துக்கு இன்னொருவனுக்கு அடிமைப்பட்ட ஆளாக எழுதிக்கொடுத்து வந்தவன் என்று தெரிந்ததாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, புதையல் எடுத்தவள் மாதிரி. பிரபு என்பதை அடித்துவிட்டு வேலைக்காரன் என்று எழுதிவிட்டாளாம், அவளுடைய அண்ணன் அதிலிருந்து பேசுவதே இல்லையாம். இதில் என்ன சந்தோஷம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மார்சியா, நான், கிதியோன். கிதியோன் அந்தக் கல்லைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன், ஒவ்வொரு நவம்பரிலும் குடும்பத்தோடு வந்து பூப்போடுகிறவன். தேங்காய் நாரால் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, எங்களுக்கு வழிவிட்டான். அப்புறம் பூக்கூடையை எடுக்க ஆட்டோவுக்குப் போய்விட்டான். கல்லில் தமிழில்தான் வெட்டியிருந்தது. ‘எஸ்ரா வின்ஸ்லேட் உபதேசியார். அமெரிக்கா தேசத்து எஸ்ரா வின்ஸ்லேட் துரையவர்களின் பேரன். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’

நான் மொழிபெயர்த்தேன். மகனுடைய மகன் என்றுதான் சொன்னேன். தாத்தா பெயர் எஸ்ரா, பேரன் பெயரும் எஸ்ரா. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுதானே நம் வழக்கம்? கல்லைப் பார்க்கிற எந்தத் தமிழனும் வேறு மாதிரி நினைக்கவே மாட்டான்.

மார்சியா குழம்பிப்போனாள். இருக்க முடியாது என்றாள். அவளுடைய கொள்ளுப்பாட்டியின் அப்பாதான் அந்த எஸ்ரா. அவருக்குப் பிள்ளைகள் எல்லாம் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள், மிஞ்சியது ஒரே ஒரு மகள், அந்த மகள் வழியில்தான் மார்சியா. அவர் ஊரைவிட்டு வெளியே போனதே இல்லை. மகனே இல்லாதவருக்கு மகனுடைய மகன் எப்படி வருவான்? அந்தச் சொல் என்ன, சரியாக அந்தச் சொல் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பள்ளிக்கூட டீச்சர் அல்லவா.

நானும் விடவில்லை. பேரன், பெயரன், பெயர் கூட்டல் அன் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே வந்தவள், வாயில் சொல் இருக்கும்போதே நின்றுவிட்டேன். பெயரைத் தாங்கியவன். அவ்வளவுதான் பொருள். பேரன் என்றால் முதலில் பேர் உடையவன்தான் அக்கா, அப்புறம்தான் மகனுக்கு மகன்.

‘நேம்சேக்’ என்றாள் மார்சியா. அப்படியே கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அப்புறம் சொன்னாள். அந்தக் காலத்தில் மிஷன் விடுதியில் ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க அமெரிக்காவில் ஒரு குடும்பம் பணம் அனுப்பினால், அந்தப் பிள்ளைக்குத் தங்கள் பெயரை வைத்துக்கொள்ளலாமாம். எஸ்ராவுக்கு ஆண்வாரிசு இல்லை. தன் பெயர் தன்னோடு போய்விடக் கூடாதென்று கடல் கடந்து ஒரு பிள்ளைக்கு அனுப்பினார். அந்தப் பையனைப் பற்றி மிஷனரி எழுதியதை அவர்கள் வீட்டில் ஞாயிறுதோறும் வாசிப்பார்களாம், அப்படியே வாய்வழியாக மார்சியாவுக்கும் வந்திருக்கிறது. ஊருக்கு வெளியே செத்த மாட்டை இழுத்து, தோல் உரிக்கிறவருடைய பிள்ளை. வாந்திபேதியில் அப்பனும் ஆத்தாளும் போய், மிஷன் கிணற்றடியில் கிடந்தவன். அவன்தான் எஸ்ரா வின்ஸ்லேட் உபதேசியார். துரை ரத்தம், சிங்கம், கேடயம், காதோரம், எல்லாம் இவ்வளவுதான்.

எனக்கு எப்படியிருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். ஒரு வருடம் ‘வேர் என்ன இருக்கு’ என்று என்னைக் கேட்டவர். இதோ இருக்கிறது வேர்.

மார்சியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதைச் சொன்னால் அவர்களுக்கு வலிக்குமா, உங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, வேண்டாமென்றால் பெயர் கொடுத்த விஷயத்தை மட்டும் சொல்கிறேன் என்றாள். உண்மைக்கு ஊர் கிடையாது என்றேன். அவர்கள் பெருமைப்படுவார்கள் என்றும் சொன்னேன். பகுத்தறிவுப்படி பார்த்தால் பெருமைப்படத்தானே வேண்டும்?

மறுநாள் மத்தியானம் விருந்து. சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒரு சித்தப்பா அந்த வெயிலில் டை கட்டியிருந்தார். வெளுத்த காதோரம் உள்ளவர்களை முன்வரிசையில் உட்காரவைத்திருந்ததாகத்தான் எனக்குப் பட்டது. மேஜையில் மட்டன் பிரியாணிக்குப் பக்கத்தில் பிளம் கேக். எப்சிபாய் ஆன்ட்டி பட்டுப்புடவையில். மார்சியா எழுந்து பேசினாள், ரொம்ப மெதுவாக. எங்கள் வீட்டில் இந்தப் பெயர் நின்றுபோய்விட்டது, உங்கள் வீட்டில்தான் உயிரோடு இருக்கிறது, நன்றி சொல்ல வந்தேன் என்றாள். தாய்தகப்பன் இல்லாத ஒரு பிள்ளைக்கு எங்கள் பெயரைக் கொடுத்தோம், அவர் அதை எங்களைவிட நன்றாக வைத்துக்கொண்டார் என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

நான் மொழிபெயர்த்தேன். கல்லில் உள்ள பேரன் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று விளக்கினேன். அவள் விட்டதையும் சேர்த்துச் சொன்னேன். மாடு, தோல், கிணற்றடி, எல்லாம். மொழிபெயர்ப்பாளர் முழுமையாகச் சொல்ல வேண்டும் அக்கா, அதுதான் தொழில் நேர்மை. பின்வரிசையில் ஒரு பெரியவர் சரியாகக் கேட்கவில்லை என்று காதில் கை வைத்தார். அவருக்காக இன்னொரு தடவை சொன்னேன்.

டை கட்டிய சித்தப்பா தட்டைத் தள்ளிவைத்தார். நான் எப்சிபாய் ஆன்ட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவார், என்னை வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“அந்தப் பிள்ளையோட சொந்தப் பேரு என்னவாம்?”

மார்சியாவிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. யாரும் எழுதிவைக்கவில்லை என்றாள். மூன்று எஸ்ராவில் எந்த எஸ்ரா என்று மூன்று வருடம் தேடியவள், இதைத் தேடத் தோன்றவே இல்லை என்று சொல்லி, எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எப்சிபாய் ஆன்ட்டி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் பாயசக் கிண்ணம். முதலில் மார்சியாவுக்கு ஊற்றினார், அப்புறம் எனக்கும் ஊற்றினார். நாடகம்.

வாசலில் செருப்பு மாட்டும்போது கிதியோன் வந்தான். “ரெண்டு தடவ சொன்ன மதி” என்றான். காது கேட்காதவருக்காகச் சொன்னேன் என்றேன். “அவருக்கு மொதத் தடவையே கேட்டுருச்சு” என்றான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

சரி, இதோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? மார்சியா ஊருக்குப் போனாள். விருந்தில் தெரிந்ததை எங்கள் வீட்டிலும் சொல்லியிருந்தேன். ஒரு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் எப்சிபாய் ஆன்ட்டியும் கிதியோனும். பழம், பூ, தட்டு. சாதாரண நூல் புடவை. ஹாலில் இருந்த சிங்கத்தைக் கழற்றிவிட்டாராம், அந்த இடத்தில் கல்லறைக் கல்லின் படத்தை மாட்டியிருக்கிறாராம். என் எதிரே வந்து நின்று என் கையைப் பிடித்தார்.

“வேரு வேருன்னு சொல்லி ஒரு வருசம் ஒன்னைய வெளிய நிக்க வச்சேன். தப்பு என் மேலதான். வீட்டுக்கு வாம்மா.”

அம்மா டீ கொண்டுவந்தாள். பேப்பர் கப்பில். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அம்மாவுக்கு மூட்டுவலி. பாத்திரம் கழுவுகிற அம்மாள் அன்றைக்கு வரவில்லை. போன தீபாவளிக்கு வாங்கின கப் மிச்சம் இருந்தது, எடுத்துவிட்டாள். எங்களுக்கும் சேர்த்துத்தான் போட்டிருப்பாள், நாங்கள் ஏற்கெனவே குடித்துவிட்டோம். எங்கள் வீட்டில் அந்த மாதிரி எதுவும் கிடையாது என்றுதான் ஆரம்பத்திலேயே சொன்னேனே. எப்சிபாய் ஆன்ட்டி ஒன்றும் கவனிக்காத மாதிரி குடித்தார். கிதியோன் கப்பைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முழுக்கக் குடித்தான். அப்புறம் கீழே வைக்காமல், நாலாக மடித்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எவ்வளவு ஆணவம் பாருங்கள், எங்கள் வீட்டில் குப்பைத்தொட்டி இல்லையா?

அப்பா, பிள்ளை இஷ்டம் என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு பேப்பரை எடுத்துக்கொண்டார். பெரியப்பா பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். முழுக்க முழுக்க என் முடிவு.

முடியாது என்றேன்.

காரணம் நீங்கள் நினைக்கிறது இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, நீங்கள் அதைத்தான் நினைக்கிறீர்கள். நான் சாதி பார்க்கிறவளாக இருந்தால் இந்தக் கட்டுரையை எழுதுவேனா? காரணம் பொய். ஒரு குடும்பமே நூறு வருடத்துக்கு மேல் ஒரு பொய்யில் குடியிருந்திருக்கிறது. இன்னாரென்று முதல் நாளே சொல்லியிருந்தால் அது வேறு. எங்களிடம் துரை வம்சம் என்று சொல்லி, அப்பா அதை நாலு பேரிடம் சொல்லி, இப்போது அப்பா எப்படித் தெருவில் நடப்பார்? அவர் மானம் போகவில்லையா? நம்பிக்கை உடைந்தபின் கல்யாணம் எதன்மேல் நிற்கும்? நான் இதையெல்லாம் வரிசையாக எடுத்துச் சொன்னேன். எப்சிபாய் ஆன்ட்டி கேட்டுக்கொண்டே எழுந்தார். பழத்தட்டை எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்குத்தாம்மா வாங்கினது, இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்தப் பழமா? அம்மாவுக்குச் சர்க்கரை, எனக்குச் சளி. பக்கத்துத் தொழுவத்து மாட்டுக்குப் போட்டோம்.

கிதியோன் வண்டியை ஸ்டார்ட் பண்ணப் போனவன் திரும்பி வந்தான். பொய் என்று எங்களுக்கே தெரியாதே மதி, தெரிந்து சொன்னால்தானே பொய் என்றான். தெரியாமல் இருந்தது இன்னும் மோசம், அது அறிவுச் சோம்பல் என்றேன். விவாதம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவன் தோற்கிற இடம்தான் அது. அந்த இடத்தில் வழக்கமாகச் சிரிப்பான். என் முகத்தையே பார்த்தான்.

“பொய்யா இருந்தப்ப வந்திருப்ப” என்றான். “இப்ப உண்மையாயிருச்சு. அதான்.”

இதற்கு என்ன அர்த்தம்? தர்க்கமே கிடையாது. முன்வாதமும் முடிவும் ஒட்டவே ஒட்டாது. எனக்கு மூன்று பதில் உடனே தோன்றியது. சொல்வதற்குள் அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பதிலைக் கேட்காமல் ஓடுகிறவனோடு என்ன விவாதம்? அதன்பிறகு துறைப் பக்கமே வருவதில்லை. இரண்டு தடவை நானே போன் பண்ணினேன், அந்தப் பதில்களைச் சொல்லத்தான். எடுக்கவில்லை. இங்கே உங்களிடம் சொல்லலாம் என்று பார்த்தால், அந்த மூன்றும் என்னவென்று இப்போது சரியாக ஞாபகம் வரவில்லை. கருத்தரங்கில் பேசும்போது வந்துவிடும்.

இல்லை, அழவில்லை. ஜன்னல் வழியாகத் தூசி.

எனக்குக் குறை ஒன்றும் இல்லை அக்கா. வரும் தை மாதம் கல்யாணம். பெங்களூரில் இன்ஜினீயர். எங்கள் சொந்தத்திலேயே, பெரியப்பா பார்த்துச் சொன்னார். சொந்தத்தில் அமைந்தது தற்செயல்தான், நாங்கள் அப்படித் தேடவில்லை. அதிகம் பேச மாட்டார். நான் எது சொன்னாலும் சரி என்கிறார்.

எழுந்துவிட்டீர்களே, அதற்குள் மணப்பாறை வந்துவிட்டதா? பையை நான் எடுத்துத் தருகிறேன், இருங்கள். நீங்கள் அவசியம் கல்யாணத்துக்கு வர வேண்டும். நான் சொன்னதையெல்லாம் இவ்வளவு பொறுமையாகக் கேட்டிருக்கிறீர்கள், என் சொந்த அக்காகூட இப்படிக் கேட்டதில்லை. பத்திரிகை அனுப்புகிறேன், விலாசம் மட்டும் சொல்லுங்கள். செங்குளத்துப்பட்டியா? தெரியும், தெரியும், எங்கள் பெரியப்பாவுக்கு அங்கே ஆட்கள் உண்டு.

செங்குளத்துப்பட்டியில் நீங்கள் எந்தப் பக்கம் அக்கா? ஊருக்குள்ளேயா?